மதுரை பேராயர் என்றால் எந்தப் பேராயர்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம்.

‘பேராயர் இரங்கல்’, ‘பேராயர் கண்டனம்’, ‘ஆயர் ஆசியுரை’ என்று நாளிதழ்களில் வரும் தலைப்புகளைப் பார்த்ததும் பேசியவர் யார் என்று புரிந்துவிடுவதில்லை. பல நேரம் செய்தியைக் கடைசி வரி வரை படித்தாலும் புரிவதில்லை. எழுதுபவரின் கவனக்குறைவு மட்டும் இதற்குக் காரணமல்ல. பிஷப் என்ற ஒரு பதவிக்குத் தமிழில் இரண்டு ஏணிகள் இருக்கின்றன. இரண்டிலும் படிகளுக்கு அதே பெயர்கள்தான், ஆனால் ஒரு படி தள்ளி எழுதியிருக்கிறது. இது தெரியாமல் கை வைத்தால் எவ்வளவு கவனமாக எழுதினாலும் தப்பாகத்தான் வரும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு பங்கை நடத்துபவர் பங்குத்தந்தை. பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். அதற்குப் பொறுப்பானவர் ஆயர். இவர்தான் பிஷப். உயர்மறைமாவட்டத்துக்குப் பொறுப்பானவர் பேராயர், அதாவது ஆர்ச்பிஷப். தமிழகத்தையும் புதுவையையும் சேர்த்துப் பார்த்தால் இலத்தீன் வழிபாட்டு முறையில் உயர்மறைமாவட்டங்கள் மூன்றே மூன்று: சென்னை–மயிலை, மதுரை, புதுவை–கடலூர். மற்ற ஊர்களில் எல்லாம் ஆயர்தான். திருச்சி பேராயர், கோவை பேராயர் என்று கத்தோலிக்கரைப் பற்றி எழுதினால் அது பிழை.

சீர்திருத்தத் திருச்சபைகளின் பக்கம் வந்தால் கதை மாறுகிறது. தென்னிந்தியத் திருச்சபையிலும் (சிஎஸ்ஐ) தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிலும் ஆயர் என்றால் பெரும்பாலும் உள்ளூர் சபையை நடத்தும் குருவானவர். சபை ஆயர், சேகர ஆயர் என்பதெல்லாம் இவரைத்தான். பல சபைகள் சேர்ந்த திருமண்டலம் முழுமைக்கும் பொறுப்பான பிஷப்புக்கு அங்கே பேராயர் என்று பெயர். அதற்கு மேல் ஆர்ச்பிஷப் என்ற பதவி இந்தத் திருச்சபைகளில் இல்லாததால் அந்தச் சொல் அவர்களுக்குள் எதனோடும் மோதுவதில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் தலைவர் மாடரேட்டர். தமிழில் பிரதமப் பேராயர். பேராயர்களில் ஒருவர் குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு அந்தப் பொறுப்பில் இருப்பார். தம் திருமண்டலத்தையும் கூடவே கவனிப்பார்.

இரண்டு ஏணியும் அதனதன் வீட்டுக்குள் சரியாகத்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் சாத்தி வைக்கும்போதுதான் வம்பு. பாளையங்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையிடமும் அதுதான், தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலத் தலைமையிடமும் அதுதான். கத்தோலிக்கர் தரப்பில் ஆயர், தென்னிந்தியத் திருச்சபை தரப்பில் பேராயர். இருவரும் ஒரே மேடையில் அமர்ந்த நிகழ்ச்சியை ‘பேராயர் தலைமையில் நடந்த விழாவில் ஆயர் வாழ்த்துரை’ என்று எழுதினால், விவரம் தெரியாத வாசகர் முதலாமவர் மேலதிகாரி, இரண்டாமவர் அவருக்குக் கீழ்ப்பட்டவர் என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மையில் இருவருமே பிஷப்புகள். இருவரும் வேறு வேறு திருச்சபை. ஒருவர்மேல் மற்றவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

சென்னையிலும் மதுரையிலும் சிக்கல் வேறு மாதிரி. அங்கே இரண்டு தரப்பிலும் பேராயர்தான். கத்தோலிக்க மதுரை உயர்மறைமாவட்டப் பேராயர் ஒருவர். தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலப் பேராயர் இன்னொருவர். ‘மதுரை பேராயர் அறிக்கை’ என்ற தலைப்பைப் பார்த்துப் பாதி வாசகர் ஒருவரை நினைப்பார்கள், மீதிப் பேர் மற்றவரை. அறிக்கை வழக்கு விவகாரமாகவோ தேர்தல் விவகாரமாகவோ இருந்தால், சொல்லாத ஒருவர் தலையில் சொன்ன பழி விழும்.

இதற்கு மருந்து எளிது. செய்தியில் முதல் முறை பதவியைச் சொல்லும்போது திருச்சபை, இடம், பதவி மூன்றையும் அந்த வரிசையில் சேர்த்து எழுத வேண்டும்: ‘தென்னிந்தியத் திருச்சபை கோவைத் திருமண்டலப் பேராயர்’, ‘கத்தோலிக்கத் திருச்சபை கோவை மறைமாவட்ட ஆயர்’. அடுத்த பத்தியிலிருந்து வெறும் பேராயர், ஆயர் போதும். தலைப்பில் இடம் இல்லையென்றால் ‘சிஎஸ்ஐ பேராயர்’ என்று போடலாம். சிஎஸ்ஐ என்ற மூன்றெழுத்தை அறியாத தமிழ் வாசகர் குறைவு. ஒருவரை அவருடைய திருச்சபை எப்படி அழைக்கிறதோ அப்படியே எழுதுவதுதான் முறை. எல்லாரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துச் சீராக்குகிறேன் என்று ஆசிரியர் குழு கிளம்பினால் இரு தரப்புமே மனம் வருந்தும். எதுவும் தெரியாதபோது பிஷப் என்றே விட்டுவிடுங்கள். ஊரில் வாயால் சொல்வது அதைத்தான். ‘பிஷப் வர்றாரு, திடப்படுத்தல் இருக்கு’ என்கிறவர் யாரும் ‘பேராயர் வருகை தருகிறார்’ என்று பேசுவதில்லை.

வெளிநாட்டுச் செய்திகளில் மட்டும் கத்தோலிக்க ஏணியையே பின்பற்றுவது நல்லது. இங்கிலாந்துத் திருச்சபை சீர்திருத்த வழியில் வந்ததுதான், ஆனாலும் அங்கே ஆர்ச்பிஷப் உண்டு. ஆகவே கேன்டர்பரியில் இருப்பவர் பேராயர், லண்டனில் இருப்பவர் ஆயர். இருவரையும் பேராயர் என்று எழுதினால் யார் பெரியவர் என்பது காணாமல் போகும். அதேபோல் ஒருவரின் பட்டம் ஆண்டைப் பொறுத்தும் மாறும். இப்போதைய போப் 14ஆம் லியோ பெரு நாட்டின் சிக்லாயோ மறைமாவட்டத்தில் 2015 முதல் 2023 வரை ஆயர். அதன் பிறகுதான் பேராயர் பட்டமும் கர்தினால் நிலையும். ‘சிக்லாயோ பேராயராக இருந்தபோது’ என்று எழுதினால் தவறு. கேரளச் செய்திகளில் இன்னொரு வழுக்கல் உண்டு: சிரியன் மரபு ஆயர்களின் பெயருக்கு முன்னால் வரும் ‘மார்’ பெயரின் பகுதியல்ல, மரியாதை அடைமொழி. இரண்டாம் முறை குறிப்பிடும்போது ‘மார் கூறினார்’ என்று எழுதுவது ‘திரு கூறினார்’ என்பதைப் போன்றது.

தேதிகளில் நடக்கும் பிழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கத்தோலிக்க ஆயர் ஒருவர் பொறுப்புக்கு வருவது மூன்று படிகளில். முதலில் நியமனம்: போப் பெயரை அறிவிக்கிறார். அடுத்தது திருநிலைப்பாடு: வழக்கமாகக் குறைந்தது மூன்று ஆயர்கள் கைகளை வைத்துச் செபித்து அவரை ஆயராக்குகிறார்கள். கடைசியாகப் பொறுப்பேற்பு. நியமன ஓலை கையில் கிடைத்து மூன்று மாதத்துக்குள் திருநிலைப்பாடும், நான்கு மாதத்துக்குள் பொறுப்பேற்பும் நடக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஏற்கெனவே ஆயராக இருப்பவர் வேறு மறைமாவட்டத்துக்கு மாற்றப்பட்டால் திருநிலைப்பாடு மறுபடி கிடையாது. இரண்டு மாதத்துக்குள் பொறுப்பேற்க வேண்டும். நியமன அறிவிப்பு வந்த அன்றே ‘புதிய ஆயர் பதவியேற்றார்’ என்று போட்டுவிட்டு, பிறகு உண்மையான பொறுப்பேற்பு விழா வரும்போது என்ன தலைப்பு வைப்பது என்று தடுமாறுவதைப் பல பத்திரிகைகளில் பார்க்கலாம். நியமனத்துக்கும் திருநிலைப்பாட்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் அவர் ‘நியமன ஆயர்’. சட்டப்படி அவருக்கு 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும், குருவாகி ஐந்து ஆண்டுகளாவது கடந்திருக்க வேண்டும்.

தென்னிந்தியத் திருச்சபையில் நடைமுறை வேறு. திருமண்டலப் பெருமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்திச் சிலர் கொண்ட பெயர்ப் பட்டியலைத் தேர்ந்தெடுப்பார்கள். அதிலிருந்து ஒருவரைத் திருச்சபையின் உச்ச மன்றமான சினாட் தேர்வு செய்யும். பிறகு அபிஷேக ஆராதனை. ஆகவே பெருமன்ற வாக்கெடுப்பில் அதிக வாக்கு வாங்கியவரை அன்று மாலையே பேராயராக்கிச் செய்தி போட்டுவிடக் கூடாது. பட்டியலில் இருப்பவர் யாரும் இன்னும் பேராயர் அல்லர்.

கத்தோலிக்க ஆயர்களின் ராஜினாமா செய்திகளிலும் இதே அவசரம்தான். 75 வயது நிறைந்ததும் ஆயர்கள் போப்பிடம் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எல்லாரும் கொடுப்பார்கள். போப் அதை உடனே ஏற்கலாம், சில காலம் தள்ளியும் வைக்கலாம். ‘ஆயரின் ராஜினாமா ஏற்பு’ என்று வெறுமனே போட்டால் ஏதோ பிரச்சினையில் வெளியேற்றப்பட்டவர் போலத் தோன்றுகிறது. வயதைப் பாருங்கள். 75ஐத் தாண்டியிருந்தால் அது பணி ஓய்வு, அவ்வளவுதான். 75க்குக் குறைவாக இருந்தால்தான் உடல்நலமோ வேறு தக்க காரணமோ இருக்க வாய்ப்பு உண்டு, விசாரித்து எழுத வேண்டும். ஓய்வு பெற்றவரை ‘முன்னாள் ஆயர்’ என்பதைவிட ‘பணி நிறைவு பெற்ற ஆயர்’ என்பது பொருத்தம். அவருடைய பொறுப்பு முடிந்ததே தவிர, ஆயர் நிலை போய்விடவில்லை.

ஆலயங்களின் பெயரிலும் இந்தப் பதவி ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் கதீட்ரல் என்றால் ஆயரின் இருக்கை உள்ள ஆலயம். பெரிதா சிறிதா என்பது கணக்கில்லை. பசிலிக்கா என்பது போப் தரும் சிறப்புத் தகுதி. தமிழில் இரண்டையும் பேராலயம் என்றே எழுதிப் பழகிவிட்டோம். வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை ஆலயத்துக்கு 1962இல் பசிலிக்கா தகுதி கிடைத்தது. ஆனால் அது தஞ்சை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயரின் இருக்கை தஞ்சாவூரில் உள்ள திரு இருதய ஆலயத்தில். சென்னை சாந்தோம் ஆலயம் கதீட்ரலாகவும் இருக்கிறது, பசிலிக்காவாகவும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் ஆலயம் கத்தோலிக்கரின் கதீட்ரல். ஊசிக் கோபுரம் என்று ஊரார் சொல்லும் தூய திரித்துவ ஆலயம் தென்னிந்தியத் திருச்சபையின் கதீட்ரல். கதீட்ரலுக்கு ‘தலைமைப் பேராலயம்’ என்று எழுதினால் குழப்பம் பெரிதும் தீரும்.

சொல்லின் வேர் தெரிந்தால் பழைய செய்திகளையும் கல்வெட்டுகளையும் படிக்க உதவும். கிரேக்கத்தில் எபிஸ்கோப்பொஸ் என்பது மூலம். மேலிருந்து பார்ப்பவர் என்று பொருள். இலத்தீன் வழியாகப் பழைய ஆங்கிலத்துக்கு வந்து தேய்ந்து பிஷப் ஆனது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதைச் சொல்லுக்குச் சொல் ‘கண்காணி’ என்றே வைத்தது. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் வசனத்திலேயே கண்காணிகள் வருகிறார்கள். இதே கண்காணிதான் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவிலும் கங்காணி ஆனது. ஆள் பிடித்துக் கப்பலேற்றி வேலை வாங்கியவரின் பட்டப்பெயரான பிறகு அதை யார் தம் சமயத் தலைவருக்குச் சூட்டுவார்கள்? ஆங்கிலிக்க வழக்கில் ‘அத்தியட்சர்’ என்றார்கள். வடமொழியில் அதுவும் மேலே கண் வைத்திருப்பவர்தான். அவருடைய ஆட்சிப் பகுதி அத்தியட்சாதீனம். யாழ்ப்பாணத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலத்தை இன்றும் ஆதீனம் என்பதைக் கேட்டுத் தமிழகத்து உதவி ஆசிரியர்கள் சைவ மடம் என்று நினைத்துவிட வேண்டாம். கத்தோலிக்கர் முன்பு ‘மேற்றிராணியார்’ என்றார்கள். மலையாளத்து மெத்ரானுக்கு உறவான சொல் அது, ராணிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பிறகு வந்து நிலைத்ததுதான் ஆயர். முல்லை நிலத்து இடையர்களின் பெயர் அது. மேற்பார்வையை விட்டுவிட்டு மேய்ப்பைப் பிடித்துக்கொண்ட சொல். என்னைக் கேட்டால் இருப்பவற்றில் அழகானது இதுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்பது இன்னொரு வசதி: தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்கு வந்தபோது புதுச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை.

வரலாற்றுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று: ‘பிஷப் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம்’. 1856இல் அவர் பிஷப் அல்லர். 1875இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதும் அல்லர். 1877 மார்ச்சில்தான் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றார். அதுவும் சென்னை பிஷப்புக்கு உதவி பிஷப்பாக. திருநெல்வேலி தனித் திருமண்டலம் ஆனது 1896இல். அவர் மறைந்தது 1891இல். ஆகவே ‘திருநெல்வேலியின் முதல் பேராயர் கால்டுவெல்’ என்பதும் சரியல்ல. திருச்சியில் கல்லூரிக்குப் பெயர் தந்த ஹீபர் கல்கத்தாவின் பிஷப். திருச்சிக்கு வருகை தந்திருந்தபோது 1826 ஏப்ரல் 3 அன்று குளிக்கும் குளத்தில் இறந்து, அங்கேயே அடக்கமானவர். திருச்சி பிஷப் அல்லர். ஜி.யு.போப்புக்கு அந்தப் பெயர் குடும்பப் பெயர். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே சங்கடம்தான், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி சதுரங்கம். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு சதுரங்கச் செய்திகள் கூடியிருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் கணினி மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்தால் ‘கறுப்புப் பேராயரை வெட்டினார்’ என்று வந்து நிற்கும். தமிழில் அந்தக் காய் மந்திரி. பயிற்சிக் கூடங்களில் பிஷப் என்றும் சொல்கிறார்கள். இரண்டில் எதுவும் சரி, பேராயர் கூடாது. ரஷ்ய மொழியிலிருந்து வரும் குறிப்புகளில் இன்னொரு பொறி உண்டு. அங்கே இந்தக் காய்க்கு யானை என்று பெயர். ஸ்பானிய மொழியில் அல்ஃபில், அதுவும் அரபு மொழியின் யானைதான். பழைய சதுரங்கத்தில் இந்த இடத்தில் நின்று மூலைவாட்டில் இரண்டு கட்டம் தாவிய யானையின் மிச்சம் அது. அந்த ஆட்டத்தில் மந்திரி ராஜாவுக்குப் பக்கத்தில் நின்று மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டும் நகர்ந்தது. பின்னாளில் அதுதான் ராணியானது. தமிழிலோ மூலையில் நிற்கும் காய்தான் யானை. ஆகவே ரஷ்யக் குறிப்பின் யானையை அப்படியே இறக்கினால், நேர்கோட்டில் ஓட வேண்டிய காய் மூலைவாட்டில் ஓடி, படிப்பவர் பலகையில் வைத்துப் பார்க்கும்போது ஆட்டமே நடக்காது.

ஆட்டத்தை விவரிக்கும்போது ‘மந்திரி’ என்று மட்டும் எழுதினால் பல நேரம் போதாது. எந்த நிறக் கட்டத்து மந்திரி என்று சொல்ல வேண்டும். வெள்ளை மந்திரி இரண்டில் ஒன்று வெள்ளைக் கட்டத்திலும் மற்றது கறுப்புக் கட்டத்திலும் தொடங்கி, கடைசி வரை அந்த நிறத்தை விட்டு வெளியே போகாது. பலகையின் 64 கட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் எட்டுவது 32தான். காலிப் பலகையின் நடுவில் நின்றால் 13 கட்டங்களுக்குப் போகலாம், மூலையில் நின்றால் ஏழுக்கு. இதனால்தான் ஓரத்துச் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியாக வேண்டிய இடம் மந்திரிக்கு எட்டாத நிறமாக இருந்தால், ஒரு மந்திரியும் சிப்பாயும் கூடுதலாக இருந்தும், எதிரி ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் சமன். நிறத்தைச் சொல்லாமல் எழுதினால், ஏன் வெல்லவில்லை என்று வாசகருக்குப் புரியாது.

குடும்பப் பெயரை மொழிபெயர்க்கவே கூடாது. மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளராக இருந்து வர்ணனையாளரான இயான் பிஷப் எந்தத் திருச்சபையின் ஆயரும் அல்லர். மகப்பேறு பற்றிய மருத்துவக் குறிப்புகளில் வரும் ‘பிஷப் ஸ்கோர்’ எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் 1964இல் வகுத்த கணக்கு. கருப்பை வாயின் விரிவு, அதன் நீளம் குறைந்த அளவு, மென்மை, அது நோக்கும் திசை, குழந்தையின் தலை இறங்கியிருக்கும் அளவு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் அதிகபட்சம் 13. எட்டும் அதற்கு மேலும் என்றால் வலி வரவழைத்தால் பலன் கிடைக்க வாய்ப்பு நல்லது. ஆறும் அதற்குக் கீழும் என்றால் கருப்பை வாய் இன்னும் பக்குவப்படவில்லை. ‘ஆயர் மதிப்பெண்’ என்று எழுதினால் கர்ப்பிணிக்கும் புரியாது, செவிலியருக்கும் புரியாது.

கடைசியாகச் சமையல் பக்கத்துக்கு ஒன்று. ஆங்கிலக் குறிப்புகளிலும் மளிகைப் பொட்டலங்களிலும் ‘பிஷப்ஸ் வீட்’ என்று இருப்பது நம் ஊரில் பெரும்பாலும் ஓமம். ஆனால் இதே பெயரில் அம்மி மாஜுஸ் என்ற வேறொரு செடியும் உண்டு. வெளிநாட்டு விதைக் கடைகளில் பூச்செடியாக விற்பது அது. அதன் சாறு தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கொப்புளம் வரும். வெண்புள்ளிச் சிகிச்சைக்குப் பயன்படும் மெத்தாக்ஸலென் மருந்துப் பொருள் அந்த விதையில்தான் இருக்கிறது. விதை பார்வைக்கும் ஓமத்துக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். கசக்கி முகர்ந்தால் ஓமத்துக்கே உரிய காரமான தைமால் வாடை தூக்கலாக வர வேண்டும். வராவிட்டால் வயிற்று வலிக்கு அதைப் போட்டுக் கஷாயம் வைக்கக் கூடாது. எனவே குழந்தைக்கான கை வைத்தியக் குறிப்பில் ‘பிஷப்ஸ் வீட்’ என்றோ ‘பிஷப் களை’ என்றோ எழுதாமல், ஓமம் என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை